ஷ்மிட் என்றால் கொல்லர்

ஜெர்மானியக் குடும்பப் பெயர்களைப் பார்க்கப் பள்ளிக்கரணையைவிட்டு எங்கும் போக வேண்டியதில்லை. வேளச்சேரி–தாம்பரம் சாலையோரம் காலையில் பத்து நிமிடம் நின்றால் போதும். முதுகில் உருளை சுழலச் சுழல ஊர்ந்துவரும் கான்கிரீட் லாரிகளில் பாதியில் ‘ஸ்விங் ஸ்டெட்டர்’ என்று எழுதியிருக்கும். சதுப்பு நிலத்தின் விளிம்பில் எழுகிற ஒவ்வொரு அடுக்குமாடிக்கும் இந்த இரண்டு பேரும் வந்து போகிறார்கள். ஆம், இரண்டு பேர்தான்: ஸ்விங் என்பது ஒரு ஜெர்மானியக் குடும்பத்தின் பெயர், ஸ்டெட்டர் இன்னொன்று. அதே சாலையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தில் கேட்டால், காற்றிலிருந்து அதிகபட்சம் 59.3 சதவீத ஆற்றலைத்தான் கறக்க முடியும், அது ‘பெட்ஸ் வரம்பு’ என்பார்கள். பெட்ஸும் ஓர் ஆளின் குடும்பப் பெயரே. வீட்டுக்குள் வந்தால் துணி துவைக்கிற பெட்டியில் பாஷ், சீமென்ஸ். இவற்றையெல்லாம் பொருள்களின் பெயராகப் பழகிவிட்டதால், யாரோ ஒருவருடைய தாத்தாவின் பெயர் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை.

இந்தக் கூட்டத்தில் ஒரு பெயர் மட்டும் சென்னையில் பொருளாக மாறாமல் மனிதனாகவே நிற்கிறது: ஷ்மிட். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில், மணலில் தனியாக நிற்கும் வெள்ளை வளைவை அறியாத சென்னைவாசி இருக்க மாட்டார். எத்தனையோ சினிமாக் காதலர்கள் சாய்ந்து நின்ற சுவர் அது. 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட டேனிஷ்காரர் ஷ்மிட்டுக்காக எழுப்பியது. ஊர் அவரைக் கார்ல் ஷ்மிட் என்றே சொல்கிறது. அவருடைய பெயர் கார்ல் அல்ல, காய். தொண்ணூறு சொச்சம் ஆண்டுகளில் முதற்பெயர் அலைபட்டு வேறொன்றாகிவிட்டது, குடும்பப் பெயர் மட்டும் அசையவில்லை. குடும்பப் பெயர் என்ற ஏற்பாட்டின் பயனே அதுதானோ என்று அந்த வளைவின் கீழ் நிற்கும்போது தோன்றும்.

ஷ்மிட் என்றால் கொல்லர். இடைக்கால ஜெர்மன் மொழியில் ‘ஸ்மிட்’ என்று வழங்கிய சொல், உலோகத்தை அடித்து வேலை செய்கிறவரைக் குறித்தது. ஆங்கிலத்தின் ஸ்மித், டச்சு மொழியின் ஸ்மிட், டேனிஷ் மொழியின் ஸ்மெட் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நம்முடைய சொல்லும் ஏறக்குறைய இதே வழியில்தான் வந்திருக்கிறது. ‘கொல்’ என்றால் பழந்தமிழில் இரும்பு வேலை, அதைச் செய்கிறவன் கொல்லன். உயிரை எடுக்கும் ‘கொல்’லோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டு, அரிவாள் செய்கிறவன் என்பதால் கொல்லன் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு விளக்கிய ஆசிரியர் ஒருவர் உண்டு. அந்த விளக்கம் சுவையானது என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

பொருள் இத்தனை எளிது. வியப்பு எண்ணிக்கையில் இருக்கிறது. ஜெர்மனியில் மிக அதிகமாக வழங்கும் குடும்பப் பெயர் முல்லர், அதாவது மாவு அரைக்கும் ஆலைக்காரர். அடுத்தது ஷ்மிட். தொலைபேசி அடைவுகளை வைத்துக் கணக்கிட்டவர்கள் ஆயிரத்துக்கு ஒன்பது பத்துப் பேர் முல்லர், ஏழு பேர் ஷ்மிட் என்கிறார்கள். பின்னால் தையற்காரராகிய ஷ்னைடர், மீனவராகிய ஃபிஷர், நெசவாளராகிய வேபர் வரிசைகட்டி வருகிறார்கள். இடைக்கால ஜெர்மனியில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் மண்ணை உழுதவர்கள். அப்படியானால் உழவர் என்று பொருள்படும் பௌவர்தானே முதலில் நிற்க வேண்டும்? அவர் முதல் பத்துக்குள்கூட இல்லை.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்கு எளிது. எல்லாரும் உழவராக இருக்கும் ஊரில் ‘உழவர் ஹான்ஸ்’ என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பது? ஊருக்கு ஒரே ஒரு கொல்லுப்பட்டறை. லாடம் கட்டவும் கொழு அடிக்கவும் எல்லாரும் அங்கேதான் போயாக வேண்டும். ‘கொல்லர் ஹான்ஸ்’ என்றால் ஆள் அடையாளம் முடிந்துவிட்டது. ஓர் ஊரில் அரிதாகவும், எல்லா ஊரிலும் தவறாமலும் இருக்கிற ஆள் எவரோ அவர் பெயர்தான் நாடு முழுக்கப் பெருகும். ஆலைக்காரரும் கொல்லரும் அப்படிப்பட்டவர்கள். ஷ்மிட் என்ற பெயருள்ள எல்லாரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஆயிரக்கணக்கான ஊர்களில், ஒருவரையொருவர் பார்த்தேயிராத ஆயிரக்கணக்கான கொல்லர்களிடமிருந்து தனித்தனியாகக் கிளம்பிய பெயர் அது.

தொழிற்பெயர் எப்போது குடும்பப் பெயரானது என்பதற்கு ஒரே தேதி கிடையாது. ரைன் நதிக்கரை நகரங்களில் 12ஆம் நூற்றாண்டிலேயே ஒற்றைப் பெயர் போதவில்லை. ஒரு தெருவில் பத்து யோஹான்கள் இருந்தால் கணக்கெழுதுகிறவர் என்ன செய்வார்? மெல்ல மெல்லப் பட்டணத்திலிருந்து பட்டிக்காட்டுக்குப் பரவியது. வடகோடி ஃபிரீசிய மக்கள் தந்தை பெயரையே சொல்லிக்கொண்டு நெடுநாள் பிடிவாதமாக இருந்தார்கள். 1811இல் நெப்போலியனின் ஆணை அவர்களையும் மடக்கியது. பிரஷ்யாவின் யூதர்களுக்கு 1812இல் நிலையான குடும்பப் பெயர் கட்டாயமானது. எல்லாவற்றுக்கும் மேல் பூட்டு போட்டது 1876. அந்த ஆண்டு தொடங்கி ஜெர்மானியப் பேரரசு முழுவதும் அரசுப் பதிவகங்களில் பிறப்பும் இறப்பும் எழுதப்பட்டன. அன்று எழுத்தர் எப்படி எழுதினாரோ அதுவே பெயர்.

அதனால்தான் ஒரே கொல்லர் இத்தனை வேடத்தில் திரிகிறார். வடக்கிலும் நடுப்பகுதியிலும் ஷ்மிட் என்பதன் கடைசியில் ‘ட’கரத்துக்கு முன் இன்னொரு மெய் ஒளிந்திருக்கும், காதுக்குக் கேட்காது. பவேரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் அதையே ஒற்றை எழுத்தோடு முடித்துவிடுவார்கள். ஃபிராங்கோனியப் பக்கம் இரட்டித்து எழுதுவார்கள். கொலோன் வட்டாரத்தில் ஷ்மிட்ஸ்: ‘கொல்லருடைய மகன்’ என்ற வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஒருவரின் பெயர் எழுத்தைப் பார்த்தே அவர் முன்னோர் ஊரின் திசையைச் சொல்லிவிடலாம். இத்தனை எழுத்துப் பிரிவுகளையும் ஒரே கணக்கில் போட்டால் முல்லரின் முதலிடம் ஆட்டம் காணும்.

எல்லை தாண்டினாலும் கொல்லர் முன்வரிசையில்தான். ஹங்கேரியில் கோவாச், ரஷ்யாவில் குஸ்னெத்சோவ், போலந்தில் கோவால்ஸ்கி, இத்தாலியில் ஃபெர்ராரி, அரபு நாடுகளில் ஹத்தாத். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடமே ஸ்மித்துக்கு. முதல் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மானியர் மேல் வெறுப்பு பொங்கியபோது அமெரிக்காவிலிருந்த ஷ்மிட்டுகள் பலர் சத்தமில்லாமல் ஸ்மித் ஆனார்கள். பொருள் மாறவில்லை என்பது அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இனிச் சென்னைக்குத் திரும்புவோம். எலியட்ஸ் கடற்கரை ஷ்மிட்டுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கொல்லர் இங்கே வந்து இறங்கிவிட்டார், ஆனால் லத்தீன் வேட்டி கட்டிக்கொண்டு. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் படித்த ஜெர்மானியர்களுக்குத் தம் நாட்டுப்புறப் பெயர் கூச்சமாக இருந்தது. பெயரை லத்தீனில் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். கொல்லர் ஃபாபர், ஃபாப்ரிசியுஸ் ஆனார். ஆலைக்காரர் மோலிட்டர் ஆனார். உழவர் அக்ரிகோலா, மீனவர் பிஸ்கேட்டர், தையற்காரர் சர்டோரியஸ். நம் ஊரில் பச்சையப்பன் ‘ஹரிதநாதன்’ என்று மாறிக்கொண்டால் எப்படியோ அப்படி.

யோஹான் ஃபிலிப் ஃபாப்ரிசியுஸ் 1711இல் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அருகே கிளேபெர்க்கில் பிறந்தவர். 1740இல் தரங்கம்பாடி வந்து, 1742இல் சென்னையில் கிறிஸ்தவ மிஷன் பணியை ஏற்றார். அவர் யாரிடமிருந்து அதை ஏற்றாரோ அந்த பெஞ்சமின் ஷுல்ட்ஸே 1728இல் இங்கே மிஷனைத் தொடங்கியவர். ஷுல்ட்ஸே என்றால் கிராமத்தில் வரி தண்டிக் கடமைகளைச் சொல்லும் ஊர்த்தலைவர், நம் கணக்கில் மணியக்காரர். இருவருக்கும் இடையில் 1730களில் சென்னையில் இருந்தவர் சர்டோரியஸ், அதாவது தையற்காரர். மணியக்காரர், தையற்காரர், கொல்லர்: ஒரு ஜெர்மன் கிராமமே கப்பலேறி வந்து சென்னையில் குடியேறியது போல! இவர்களுக்கு முன்னோடியாக 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவின் பெயருக்கு ஆட்டுத்தோல் என்று பொருள். தோல் பதனிட்டவருக்கோ தோல் விற்றவருக்கோ ஒட்டிய பட்டப்பெயராக இருக்கக்கூடும். அதிலுள்ள ‘பால்க்’ என்ற சொல்தான் ஜெர்மனில் கொல்லர் உலைத் துருத்திக்கும் வருகிறது. துருத்தி முதலில் வந்தது, கொல்லர் முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்தார்.

ஃபாப்ரிசியுஸ் வேப்பேரி அச்சகத்தில் 1779இல் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதி பிற்காலத்தில் தரங்கம்பாடி அகராதியாக வளர்ந்தது. கடைசிக் காலத்தில் பணக் கொடுக்கல்வாங்கலில் சிக்கிக் கடனுக்காகச் சிறைக்கும் போய் வந்து, 1791இல் சென்னையிலேயே இறந்தார். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் இயங்கும் பள்ளியைச் சென்னைவாசிகள் ‘பெப்ரீசியஸ் ஸ்கூல்’ என்பார்கள். கொல்லர் பள்ளி என்று அதற்குப் பொருள் சொன்னால் அங்கே படித்த என் நண்பர்களே நம்ப மாட்டார்கள்.

முல்லரும் ஒருமுறை சென்னைக்கு வந்தார். நல்ல வரவல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்துக்கு வெளியே நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய எம்டன் கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். ஜெர்மனியின் முதலிடப் பெயர் இங்கே யார் நினைவிலும் இல்லை. ஓர் ஊரின் பெயரைத் தாங்கி வந்த கப்பல் மட்டும் தமிழுக்குள் புகுந்துகொண்டது. ‘அவன் சரியான எம்டன்’ என்கிறோமே, அது.

சரி, நம் கொல்லர் ஏன் குடும்பப் பெயராகவில்லை? இந்தக் கேள்விக்குப் பலரும் சட்டென்று சொல்லும் பதில், தமிழருக்குக் குடும்பப் பெயர் வழக்கமே இல்லை என்பது. அது முழு உண்மையல்ல. சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள். மதுரைப் பெருங்கொல்லன், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார். ஊர், தொழில், பெயர் என்று மூன்றும் வரிசையாக இருக்கின்றன. கொலோன் நகரத்தார் கணக்கெழுத ஆரம்பிப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் மூலப்பொருள் தயாராக இருந்தது. பெருங்கொல்லனின் பேரன் அரிசி வணிகம் செய்துகொண்டே பெருங்கொல்லன் என்று பெயர் சொல்லியிருந்தால் ஷ்மிட் மதுரையில் பிறந்திருப்பார்.

அங்கேதான் பாதை பிரிகிறது என்று நினைக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீங்கலாகக் கழிக்கும் நிலங்களின் பட்டியலில் ஊருக்கு ஊர் கம்மாணச்சேரி வருகிறது. ஜெர்மன் கிராமத்தில் கொல்லர் ஒரு வீடு. நம் கிராமத்தில் கம்மாளர் ஒரு சேரி. சேரி முழுக்கக் கம்மாளராக இருக்கும்போது ‘கம்மாளன்’ என்ற சொல் ஆளைப் பிரித்துக் காட்டாது. அது கூட்டத்தைக் காட்டும். ஆளைக் காட்ட அப்பன் பெயரோ ஊர்ப் பெயரோதான் வேண்டியிருந்தது. அதோடு, ஷ்மிட்டின் மகன் உலையை விட்டுவிட்டு ரொட்டி சுடப் போனபோது பெயர் மட்டும் அவனோடு போனது. தொழில் போன பிறகும் ஒட்டிய பெயர் என்பதால்தான் அது வெறும் பெயரானது. இங்கே தொழிலும் பெயரும் பெண் கொள்வினையும் ஒரே முடிச்சில் இறுகிக் கிடந்தன. ஒன்றை விட்டு ஒன்று நகர முடியவில்லை. ஹெல்முட் ஷ்மிட் என்பவர் 1974 முதல் 1982 வரை மேற்கு ஜெர்மனியை ஆண்டபோது, கொல்லர் வகுப்பைச் சேர்ந்தவர் என்று அங்கே ஒருவர்கூட நினைத்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் ஒருவர் பெயருக்குப் பின்னால் ஆசாரி என்று வந்தால் கேட்பவர் மனதில் ஓடுவது வேறு கணக்கு.

அந்தக் கணக்கைப் பெயரிலிருந்தாவது அழித்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டதும் நம் பக்கத்தில்தான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. தலைமை வகித்தவர் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன். அவர் தம் பெயரிலிருந்து நாடாரை உதிர்த்தார், பெரியார் நாயக்கரை உதிர்த்தார். பள்ளிக்கரணை அன்று செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். தமிழ்நாடு குடும்பப் பெயர் இல்லாத நாடாக நிலைத்ததற்கு, பழைய வழக்கம் ஒரு பாதி காரணம், இந்த மாநாடு மறு பாதி. சாதி உதிர்ந்ததா என்பது தனிக் கட்டுரைக்கான கேள்வி. பெயர் உதிர்ந்தது.

வடக்கில் அது நடக்கவில்லை. மேடவாக்கம் போகும் வழியில் சில மாதங்களுக்கு ஒருமுறை சாலையோரம் கூடாரம் அடித்து, ஆணும் பெண்ணும் மாறி மாறிச் சம்மட்டி வீசி அரிவாளும் கோடாரியும் செய்து விற்கும் வடநாட்டுக் குடும்பங்களைப் பார்க்கலாம். லோஹார் என்பார்கள். இரும்புக்காரர் என்று பொருள், ஷ்மிட்டேதான். இவர்களிடம் பெயரும் உலையும் சேர்ந்தே இருக்கின்றன. கான்கிரீட் லாரி கிளப்பும் புழுதிக்குள் அவர்கள் சம்மட்டி ஓசை கேட்கும்போதெல்லாம், ஒரு சொல்லின் இரண்டு தலைவிதிகளும் ஒரே சாலையில் போகின்றன என்று நினைத்துக்கொள்வேன்.

தமிழரின் தலையெழுத்துக்கு, அதாவது இனிஷியலுக்கு, உறவு தேட வேண்டுமானால் ஜெர்மனியில் தேடக் கூடாது. டென்மார்க்கில் தேட வேண்டும். ஹான்ஸின் மகன் ஹான்சென், அவன் மகன் நீல்ஸுக்குப் பிறந்தவன் நீல்சென். தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போன தந்தைப் பெயர். 1828இல் அரசாணை ஒன்று அதை உறையவைக்கப் பார்த்தது, 1856இல் சட்டம் உறையவைத்தே விட்டது. அன்று எந்தச் ‘சென்’னில் நின்றார்களோ அதிலேயே இன்றும் நிற்கிறார்கள். ஷ்மிட் அங்கே தெற்கு எல்லை வழியாக வந்த ஜெர்மன் விருந்தாளி. டேனிஷ் கொல்லரின் சொந்தப் பெயர் ஸ்மெட். பழைய முறை இன்னும் உயிரோடு இருப்பது ஐஸ்லாந்தில். ஆக, தந்தை பெயரால் ஆளை அறிவதில் தமிழ்நாடும் ஐஸ்லாந்தும் ஒரு கட்சி.

ஈழத் தமிழர் விஷயத்தில் டென்மார்க்கில் நடந்தது திரும்ப நடந்துகொண்டிருக்கிறது. 1983க்குப் பிறகு ஜெர்மனி போனவர்களின் தந்தை பெயர் அங்கே குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறியது. பிள்ளைகளுக்கும் அதுவே தொடர்ந்தது. ஊரில் இருந்திருந்தால் ஒரு தலைமுறையோடு விடைபெற்றிருக்கும் தாத்தாவின் பெயர் பேரன் பேத்திகளுக்குக் குடும்பப் பெயராக இறுகிவிடும். ஜெர்மன் சட்டமும் சற்று இளகியிருக்கிறது. 2025 மே 1 முதல் அமலுக்கு வந்த புதிய பெயர்ச் சட்டம், நெப்போலியன் மடக்கிய அதே ஃபிரீசியர்களுக்குத் தந்தை பெயர் அல்லது தாய் பெயரிலிருந்து குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தைத் திருப்பித் தந்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு போக்குவரத்து உண்டு. ஜெர்மானியக் குடும்பப் பெயர் தமிழ்நாட்டுக்குள் வந்தால் முதற்பெயராகிவிடும். லூத்தர் என்று பெயர் வைத்த வீடுகள் எத்தனை! எழுத்தாளர் அ. மார்க்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்ஸ் என்பது மார்க்குஸ் என்ற பெயரிலிருந்து வந்த ஜெர்மானியக் குடும்பப் பெயர், நம் வேதாகமத்து மாற்குதான். அது இங்கே வந்து முதற்பெயராகி, முன்னால் தந்தையின் தலையெழுத்தைச் சூடிக்கொண்டு, முழுத் தமிழ்ப் பெயராக அமர்ந்துவிட்டது. ஜெர்மானிய நண்பர் ஒருவரிடம் ‘எங்கள் ஊரில் மார்க்ஸ் என்பது முதற்பெயர்’ என்றால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒருவரின் மகள் ஸ்டுட்கார்ட்டில் மேற்படிப்பு படிக்கிறாள். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்பதால் அப்பா பெயரைப் போட்டாள். இப்போது வகுப்பில், பதிவகத்தில், பல் டாக்டரிடம், எங்கும் அவளை அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அவள் பெயரில் ஒரு குறையும் இல்லை, அதைக் கூப்பிடத்தான் அங்கே யாருமில்லை. அப்பாவுக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. போன வாரம் பால் வாங்கப் போகும்போது சொன்னார்: “வீட்ல நான் கூப்பிட்டா ஒரு தடவையில திரும்பினவ இல்ல சார். அங்க எம்பேரச் சொன்னா உடனே எந்திரிச்சு நிக்கிறாளாம்.”